இரண்டாம் நாள் விரியும் வெல்டிங்: கடுங்குளிரில் வெல்டர் வருமுன் செய்ய வேண்டியவை

கேள்வி: எங்கள் லோடர் வண்டியின் வாளியைத் தூக்கும் பூம் கையில் விரிசல். தகடு 25 மி.மீ. தடிமன். போன குளிர்காலத்தில், மைனஸ் 10 டிகிரியில், வண்டி நின்ற இடத்துக்கே வெல்டரை வரவழைத்து ஒட்டினோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வண்டியை ஓட்டக்கூட இல்லை, இரண்டாம் நாள் வெல்டிங் பற்றின் ஓரத்திலேயே விரிந்துவிட்டது. இந்த வாரம் மறுபடி வெல்டர் வருகிறார். அதற்குள் நான் என்ன தயார் செய்து வைக்க வேண்டும்?

பதில்: சுமையே ஏற்றாமல் இரண்டாம் நாள் விரிந்தது என்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் அது ஈரத்தின் வேலை. ராடின், அதாவது வெல்டிங் குச்சியின், பூச்சிலும் இரும்பின் மேலும் இருக்கும் ஈரம் ஆர்க் எனும் மின்பொறியின் சூட்டில் பிரிந்து, ஹைட்ரஜனாக உருகிய இரும்புக்குள் போய்விடுகிறது. பற்று மெதுவாக ஆறினால் அதில் பெரும்பகுதி வெளியேறிவிடும். உங்கள் தகடோ தடித்தது, உறைந்து கிடந்தது. வெல்டிங்கின் சூட்டை அது மடமடவென்று இழுத்துக்கொண்டதில் பற்றின் ஓரம் கெட்டித்து எளிதில் உடைவதாகிவிட்டது. ஹைட்ரஜனும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. இவை சேர்ந்து உண்டாக்கும் விரிசல் வெளியே தெரிய மணிக்கணக்கில் ஆகும், சில சமயம் நாள் கணக்கிலும் ஆகும்.

ஆகவே இரும்பு சூடாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும், ராடு காய்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் இதற்கு நேரம் ஒதுக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

வெல்டர் வருவதற்கு முந்தின நாளே வண்டியைக் காற்றுப் படாத இடத்தில் நிறுத்துங்கள். கொட்டகைக்குள் விட முடிந்தால் ராத்திரி முழுக்க அங்கேயே நிற்கட்டும். முடியாவிட்டால் தீப்பிடிக்காத தார்ப்பாயால் மூன்று பக்கம் மறைப்புக் கட்டுங்கள். ஜெனரேட்டர் மறைப்புக்கு வெளியேதான் ஓட வேண்டும். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைச் சாய்த்துவிடும். பனி, கிரீஸ், பெயின்ட் எல்லாவற்றையும் விரிசலைச் சுற்றிச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

அடுத்து சூடேற்றுவது. அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 விதிப்படி, இரும்பு 0 டிகிரிக்குக் கீழே இருந்தால் குறைந்தது 20 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே பற்ற வைக்கலாம். அது தொடக்க அளவு. உங்கள் தகட்டின் எஃகு எந்த வகை என்று தெரியாத நிலையில், நானாக இருந்தால் 100 டிகிரிக்குக் குறைந்து ஆரம்பிக்க விடமாட்டேன். அதற்காகச் சிவக்கச் சிவக்கச் சுட்டுவிடக் கூடாது, எஃகின் வலிமை போய்விடும். விரிசலின் எல்லாப் பக்கமும் குறைந்தது 75 மி.மீ. அகலத்துக்குச் சூடு பரவ வேண்டும். தகட்டைப் பிடித்து நிறுத்த முதலில் போடும் சின்ன டேக் பற்றுக்கும் இது பொருந்தும்.

டார்ச்சைக் காட்டியதும் குளிர்ந்த இரும்பு வியர்க்கும். தீ எரியும்போது உண்டாகும் நீராவியே அதன் மேல் தண்ணீராகப் படிகிறது. ‘கொஞ்சம் தீ காட்டிட்டேன் சார்’ என்று உடனே ராடை எடுப்பவர், இருந்ததைவிட அதிக ஈரத்தின் மேல்தான் பற்ற வைக்கிறார். வியர்வை முழுக்க மறைந்த பின்னும் சூடேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டார்ச்சை எடுத்துச் சற்றுப் பொறுத்து, முடிந்தால் தகட்டின் பின்பக்கத்தில், குறித்த சூட்டில் உருகும் வெப்பச் சாக்பீஸால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எரிவாயு புரோப்பேனாக இருக்கட்டும். பியூட்டேன் கலந்த சிலிண்டர் கடுங்குளிரில் அழுத்தம் தராது. தரவில்லை என்று சிலிண்டருக்கே தீ காட்டும் ஆளை உடனே வெளியே அனுப்புங்கள்.

இந்த வேலைக்குப் பெரும்பாலும் ஹைட்ரஜன் குறைவாகத் தரும் 7018 வகை ராடுதான் வரும். பாக்கெட் பிரித்ததும் அது 120 டிகிரிக்குக் குறையாத அடுப்பில் இருக்க வேண்டும். வெளியே எடுத்தால் 4 மணி நேரத்துக்குள் எரித்துவிட வேண்டும். வண்டியின் டேஷ்போர்டில் ஒரு மாதமாகக் கிடந்த ராடுக்கு விறகுக் குச்சியின் மதிப்புதான்.

இதில் ஒரு விலக்கு உண்டு. அதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நான் சொன்னதைப் படித்துவிட்டு எல்லா ராடையும் அடுப்பில் போடுபவர்கள் இருக்கிறார்கள். 6010, 6011 போன்ற செல்லுலோஸ் பூச்சு ராடுகளை அடுப்பில் வைக்கவே கூடாது. அவை வேலை செய்வதற்குப் பூச்சில் கொஞ்சம் ஈரம் இருந்தாக வேண்டும். அதைக் காய்ச்சி எடுத்தால் ஆர்க் கெட்டு, பற்று ஓட்டை ஓட்டையாக வரும். 7018-உம் 6010-உம் ஒரே அடுப்பில் இருந்தால், அந்த வெல்டருக்கு இரண்டைப் பற்றியும் தெரியாது என்று பொருள். ஆனால் செல்லுலோஸ் ராடு ஹைட்ரஜனை அள்ளிக் கொடுக்கும். உங்கள் தடித்த தகட்டுக்கு அது வேண்டாம்.

இனி, வருகிற ஆள் யார் என்பது. போனை எடுத்து ‘எந்தக் குளிரிலும் செய்வோம்’ என்கிறவர் பல இடங்களில் வெல்டரே இல்லை, கமிஷன் ஏஜென்ட். அன்றைக்குச் சும்மா இருக்கும் யாரையாவது அனுப்பிவிடுவார். வெல்டிங் நடக்கும் இடத்தைச் சுற்றிக் காற்று மைனஸ் 20-க்குக் கீழே போனால் வேலையை நிறுத்து என்கிறது அதே டி1.1. மறைப்புக் கட்டிச் சூடாக்கினால்தான் தொடரலாம். வேலை செய்யப்போகிற வெல்டரிடமே பேச வேண்டும் என்று பிடிவாதம் பிடியுங்கள். என்ன ராடு, எதில் வைத்திருக்கிறீர்கள், எத்தனை டிகிரிக்குச் சூடேற்றுவீர்கள் என்று கேளுங்கள். தடுமாறினால் வேண்டாம்.

வேலை ஒப்பந்தங்களில் ‘குளிர்காலத்துக்குரிய முன்னெச்சரிக்கை எடுக்கப்படும்’ என்ற ஒற்றை வரியைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துவிட்டது. எத்தனை டிகிரி, யார் அளப்பது, சூடேற்றும் நேரத்துக்குக் கூலி யார் தருவது, ஒன்றும் இருக்காது. கூலி இல்லாத ஒரு மணி நேரத்தை எந்த வெல்டர் இரும்பைச் சுடுவதற்குச் செலவிடுவார்? நீங்களாவது அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி பேசிக்கொள்ளுங்கள்.

பற்ற வைத்து முடிந்ததும் தண்ணீர் ஊற்றவோ பனியை அள்ளிப் போடவோ யாரையும் விடாதீர்கள். வெப்பப் போர்வையால் சுற்றி, தானாக ஆறட்டும். உயர்வலிமை எஃகுகள் சிலவற்றில் 48 மணி நேரம் கழித்தே கடைசிப் பரிசோதனை என்று விதியே இருக்கிறது. உங்கள் வண்டியும் அந்த இரண்டு நாள் சும்மா நிற்கட்டும். மூன்றாம் நாள் பற்றின் இரண்டு ஓரங்களையும் துடைத்து, சாயம் தெளித்து விரிசல் பார்க்கும் சோதனை செய்த பிறகு சுமை ஏற்றுங்கள். பாக்கிப் பணத்தையும் அதன் பிறகு கொடுப்பதாக வெல்டரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.