கால் போத்தலுக்கு இடம் இருக்குமா?

அன்புள்ள அக்கா,

கொழும்புக் கோட்டையில் பழைய பார் ஒன்றுக்குப் போய்வந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பெயர் போடாவிட்டாலும் எது என்று விளங்கியது. அப்பா துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில், சம்பள நாளில் போகிற இடம் அது. அதைத் திருத்தி காக்டெய்ல் லவுஞ்ச் ஆக்கப்போகிறார்கள் என்பதை நீங்கள் கொஞ்சம் சந்தோஷமாகவே எழுதியதுபோல் பட்டது. சாதாரண ஆட்கள் உட்கார்ந்து குடிக்கிற இடங்களையும் காசுள்ளவர்களுக்குக் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் எங்கே போவது? அப்படியே விட்டால் என்ன? மூடுவதற்கு முன் அப்பாவை ஒருமுறை கூட்டிக்கொண்டு போக நினைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், வத்தளை

அன்புள்ள தம்பி,

சந்தோஷப்பட்டது உண்மைதான். முகாமையாளர் மேசையில் விரித்துக் காட்டிய வரைபடத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை இருந்தது. இப்போது அங்கே அது கிடையாது. நானும் தோழியும் வெளியே வந்து, வீதியைக் கடந்து, ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் அசட்டுச் சிரிப்போடு அனுமதி கேட்க வேண்டியிருந்தது. ‘அப்படியே விட்டால் என்ன’ என்று நீங்கள் கேட்கும்போது எனக்கு அந்தச் சிரிப்புத்தான் ஞாபகம் வருகிறது.

தவறணையில், அதாவது உட்கார்ந்து குடிக்கிற மதுக்கடையில், பெண்ணுக்கு மது விற்கக்கூடாது என்ற விதி 1979இல் வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள் அப்போதைய ஜனாதிபதி சிறிசேன அந்த நீக்கத்தையே வாபஸ் வாங்கச் சொன்னார். பெரிய ஹோட்டல்களில் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. இந்த மாதிரி பார்களிலோ விதியே தேவையில்லை. கதவைத் தள்ளியதும் திரும்பும் தலைகள் போதும்.

அப்புறம், அந்த இடம் எந்தக் காலத்தில் ‘அப்படியே’ இருந்தது? அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். 1996 ஜனவரியில் மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு கோட்டையில் வீதிகள் அடைபட்டன, சோதனைச்சாவடிகள் பெருகின. வாயில் சாராய மணத்தோடு போய் அடையாள அட்டையை நீட்டி, அதில் உள்ள தமிழ்ப் பெயரை ஒருவர் நிதானமாக வாசிக்கும்வரை நிற்பதற்கு எங்கள் ஆட்களில் எத்தனை பேர் துணிவார்கள்? இருட்டுவதற்கு முன் ஸ்டேஷனுக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் அப்போதைய கணக்கு. அந்த பார் மத்தியானச் சோற்றையும், கந்தோர் விட்டதும் அவசரமாக வந்துபோனவர்களையும் நம்பி உயிர்பிழைத்தது. சண்டை முடிந்து வீதிகள் திறந்தன. 2011இல் பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியைத் திருத்தி உணவகங்கள் வந்தன. கோட்டைக்கு மறுபடி இரவு வந்தது, ஆனால் வந்த கூட்டம் இந்தக் கதவைத் தாண்டி நடந்துபோனது. பிறகு 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகள், கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி. வேறு கடை என்றால் எப்போதோ மூடியிருப்பார்கள். மதுபான அனுமதிப்பத்திரம் இருக்கிறதே, அதை யார் விடுவார்கள்? 2024இல் கொடுத்த புதிய அனுமதிப்பத்திரங்களைப் பற்றிப் பாராளுமன்றத்தில் எழுந்த சத்தத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தக் கட்டடத்தில் அதைவிட விலை கூடிய பொருள் எதுவும் இல்லை.

ஆனால் உங்கள் கேள்வியின் மற்றப் பாதியில் நான் உங்கள் பக்கம். முகாமையாளரிடம், “கால் போத்தல் இருக்குமா?” என்று கேட்டேன். “இல்லை மேடம், இனிமேல் கிளாஸ் கணக்குத்தான்” என்றார். அதே தென்னஞ்சாராயம், இஞ்சி பியர், தேசிக்காய், மேலே ஒரு கறுவாப்பட்டை. பழைய மேசைகளைப் பொலிஷ் போட்டு வைத்துக்கொள்வார்களாம், சுவரில் துறைமுகத் தொழிலாளர்களின் கறுப்புவெள்ளைப் படங்கள் மாட்டுவார்களாம். படத்தில் இருக்கிறவர் உள்ளே வந்து உட்கார்ந்தால் விலைப்பட்டியலைப் பார்த்து எழும்பிவிடுவார். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கால் போத்தலை இருவர் பங்குபோட்டு, ஒரு தட்டு கடலையோடு ஒரு மணி நேரம் இருக்கலாம். அதை எடுத்துவிட்டால் அந்த ஆள் குடிப்பதை விடப்போவதில்லை. வைன் ஸ்டோரில் வாங்கி ஓட்டோவுக்குள் இருந்து குடிப்பார், கையில் காசு குறைந்தால் கசிப்புக்கு, அதாவது கள்ளச்சாராயத்துக்குப் போவார்.

வீதிப் பக்கத்து முன்னறையை மட்டும் பழைய விலைப்பட்டியலோடு விடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். நட்டம் வராது, கந்தோர் விடும் நேரத்தில் லவுஞ்சுக்கு எப்படியும் ஆள் இருக்காது. குறித்துக்கொண்டார். மரியாதைக்கா என்று தெரியவில்லை. உங்களைப் போல நாலு பேர் நேரில் சொன்னால் கொஞ்சம் எடுபடலாம்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் இந்த மாதமே போங்கள், வேலை தொடங்கப்போகிறது என்றார்கள். பௌர்ணமிப் போயா தினத்தில் மது விற்கமாட்டார்கள், அதனால் கலண்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மூடினால் ஐந்து மணிக்குத்தான் திறக்கிறார்கள். அம்மாவும் வருவதாக இருந்தால் கழிப்பறை விஷயத்தை முதலே சொல்லிவிடுங்கள்.