செயல்முறைப் பட்டறையில் எல்லோரும் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறார்கள், எப்படி மாற்றுவது?

இருபது பேரைக் கூட்டிச் செய்து காட்டினேன், நன்றாக இருந்தது என்றார்கள், ஆனால் வீட்டுக்குப் போய் ஒருவர்கூடச் செய்து பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் இதே இடத்தில் மாட்டிக்கொண்டவள் என்பதால் என் அனுபவத்தையே சொல்கிறேன்.

பெங்களூர் அல்சூரில் எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடியில் சில வருடங்களாகச் சயனோடைப் சொல்லிக் கொடுக்கிறேன். கேமரா இல்லாமல், ரசாயனம் பூசிய காகிதத்தின் மேல் இலை மாதிரி எதையாவது வைத்து, வெயிலில் காட்டிக் கழுவி, நீல நிறத்தில் படம் எடுக்கும் பழைய முறை, 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. ப்ளூபிரிண்ட் என்ற பேரே இதிலிருந்து வந்ததுதான்.

முதல் தடவை முக்கால் மணி நேரம் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். காகிதத்தில் ரசாயனம் பூசி, முந்தின இரவே நானே காயவைத்திருந்தேன். கடிகாரத்தைப் பார்த்து “இப்போ எடுங்க, இப்போ கழுவுங்க” என்றதும் நான்தான். எல்லோருக்கும் அருமையான படம் வந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் போன் செய்தாள். “அக்கா, கழுவுறப்ப எல்லாம் தண்ணியோட போயிடுச்சு.” எத்தனை நிமிடம் வெயிலில் வைத்தாய் என்று கேட்டேன். “நீங்க சொன்ன எட்டு நிமிஷம்தான்.” அன்றைக்கு மூடாப்பு. வெளிச்சம் போதாமல் எடுத்துக் கழுவினால் வெறும் காகிதம்தான் மிஞ்சும். எட்டு நிமிடம் என்பது என் மாடியில் அந்த ஒரு மதியத்துக்கான கணக்கு, அதைப் போய் விதி மாதிரி கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

இப்போது வந்து உட்கார்ந்த பத்து நிமிடத்துக்குள் ஆளுக்கு ஒரு காகிதத் துண்டு கையில் இருக்கும், இரண்டு விரல் அகலம்தான். முழுவதையும் அட்டையால் மூடிவைத்து, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு அங்குலம் திறந்துகொண்டே வரச் சொல்கிறேன். கழுவினால் ஒரே துண்டில் வெளிறிய நீலத்திலிருந்து அடர்நீலம் வரை ஐந்து படி தெரியும். பின்பக்கம் நேரத்தையும் வானம் எப்படி இருந்தது என்பதையும் பென்சிலால் எழுத வேண்டும், பேனா என்றால் மை கரைந்துவிடும். அப்புறம் துணி காயப்போடும் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிறோம். துண்டு கெட்டுப்போனால் யாருக்கும் வருத்தம் இல்லை, அதனால் பயமும் இல்லை. பட்டறையை வடிவமைப்பது என்றால் என்னைப் பொறுத்தவரை முக்கால்வாசி இதுதான்: எதைக் கெடுத்துக் கற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, அதைச் சின்னதாக, மலிவாக, முதலிலேயே கையில் கொடுத்துவிடுவது.

பூசிக் காய்ந்த காகிதம் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். வெயில் பட நீலம் ஏறி, போதுமான அளவு பட்டதும் மேலே சாம்பல் பூத்தது போல ஆகிவிடும். ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவர் தன் துண்டை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தவர், “கடிகாரம் எதுக்கும்மா, சாம்பல் பூத்தா எடுத்துடலாம் போலிருக்கே” என்றார். இதே வாக்கியம் என் பழைய ஸ்லைடில் பெரிய எழுத்தில் இருந்தது, அன்று வந்தவர்களில் ஒருவருக்கும் நினைவில்லை. அவர் சொன்னதும் பன்னிரண்டு பேரும் அவரவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். விளக்கம் எல்லாவற்றையும் இப்போது அதற்குப் பிறகுதான் வைத்திருக்கிறேன், அப்போது கேள்வி அவர்களிடமிருந்தே வருகிறது.

இன்னொன்று, விடை உங்களுக்கே தெரியாத ஒரு சோதனையாவது இருக்கட்டும். எங்கள் கட்டடத்தில் போர் தண்ணீர், ஒருவர் பாட்டிலில் தன் வீட்டுக் காவிரித் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். இரண்டிலும் கழுவிப் பார்ப்போமா என்றார். எது எப்படி வரும் என்று எனக்கும் தெரியாது, அதை அப்படியே சொன்னேன். எங்கள் தண்ணீரில் கழுவியது கொஞ்சம் வெளிறித்தான் வந்தது. காரத்தன்மை உள்ள தண்ணீர் இந்த நீலத்தை வெளுக்கும் என்பது தெரிந்த விஷயம், ஆனால் என் மாடியில் அதுதான் நடக்கிறது என்று நான் சோதித்ததே இல்லை. இப்போது முதல் தொட்டியில் கொஞ்சம் வினிகர் விடுகிறோம்.

ஏற்பாடுகளில் நான் பெரிதாகப் பார்ப்பது எங்கே வரிசை நிற்கும் என்பதை. எங்களுக்கு அது குழாயடி. 2024 கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது ஓடும் குழாயை விட்டுவிட்டு மூன்று பிளாஸ்டிக் தொட்டிகளை வரிசையாக வைத்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாற்றிக் கழுவ ஆரம்பித்தோம். தண்ணீர் மிச்சமானதோடு வரிசையும் போய்விட்டது. பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, கூட ஒரு ஆள் உதவிக்கு. அவரிடம் நான் சொல்லிவைத்திருப்பது ஒன்றுதான்: மற்றவர் கையிலிருந்து பிரஷை வாங்காதீர்கள்.

பாதுகாப்பை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அதைச் சோதனைக்கு விடக் கூடாது. நூறு மில்லி தண்ணீரில் 25 கிராம் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், இன்னொரு நூறு மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு, பூசும்போது இரண்டையும் சம அளவு கலக்கிறோம். சயனைடு என்ற பேரைக் கேட்டதும் பயப்படுவார்கள். அது இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் நச்சுத்தன்மை குறைவு, ஆனால் வீரியமான அமிலம் சேரக் கூடாது, சூடாக்கவும் கூடாது. மாடிக் கழிவறையில் இருக்கும் ஆசிட் பாட்டிலை அன்று காலையிலேயே கீழே அனுப்பிவிடுகிறேன். கையுறை கட்டாயம்.

கடைசியில் ஆளுக்கு மூன்று பூசிய காகிதங்களைக் கறுப்பு உறையில் போட்டுக் கொடுத்து, ஒரு வாரத்துக்குள் செய்து, படத்தின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். பட்டறை வேலை செய்ததா என்று எனக்குத் தெரிவது அப்போதுதான். போன தடவை ஏழு பேர் அனுப்பினார்கள். ஒன்றில் முருங்கை இலை பாதிதான் விழுந்திருந்தது. பின்பக்கம் பென்சிலில், “மூடாப்பு. 25 நிமிஷம். சாம்பல் பூக்கலை, அவசரப்பட்டு எடுத்துட்டேன். நாளைக்கு 40.”