மறைந்தவர் எல்லாம் மாமாவுக்குச் சிநேகிதர்

கேள்வி: எந்தப் பிரபலம் மறைந்தாலும் என் பெரிய மாமா, "அவரும் நானும்..." என்று ஆரம்பித்துவிடுகிறார். எஸ்.பி.பி. இறந்த அன்று, "போன வாரம்கூடப் பேசினேன், குரல் கம்மியிருந்துச்சு" என்றார். விஜயகாந்துக்கு ஐந்து ரோட்டில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தாராம். நம்பலாமா?
- பெயர் போட வேண்டாம் என்ற வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: தட்டுவடை செட்டை வேண்டுமானால் நம்பலாம். காசு கொடுத்தது மாமாதானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். எஸ்.பி.பி. கணக்கு உதைக்கிறது. 2020 ஆகஸ்ட் மாதம் சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர், செப்டம்பர் 25 அன்று அங்கேயே மறைந்தார். மாமா பேசியது ராங் நம்பராக இருக்கும்.

ஆனால் மாமாவை மட்டும் சொல்லி என்ன? இது ஊர் வியாதி. ஏற்காடு ரோட்டில் டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸை நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. எம்.ஜி.ஆரும் கலைஞரும் கண்ணதாசனும் சேலத்தில் நடமாடியது நிஜம். அந்த நிஜத்தின் மேல்தான் நம்மவர்கள் மாடி மேல் மாடியாகக் கட்டிக்கொண்டே போகிறார்கள். 2018 ஆகஸ்டில் கலைஞர் மறைந்து, கடைகள் மறுபடி திறந்ததும் செவ்வாய்ப்பேட்டையில் டீ குடிக்கப் போனேன். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும், "எங்கப்பாதான் அவருக்கு வீடு வாடகைக்கு விட்டார்" என்கிறார்கள். எல்லா வீட்டிலும் அவர் குடியிருந்திருந்தால் சாமான் ஏற்றி இறக்கவே பொழுது போயிருக்கும். 'மந்திரி குமாரி'க்கு யார் வசனம் எழுதுவது? அப்புறம் ஒருத்தர், சுந்தரம் தன்னைக் கதாநாயகனாக நடிக்கக் கூப்பிட்டதாகச் சொன்னார். சுந்தரம் காலமானது 1963இல். இவருக்கு அப்போது மிஞ்சிப்போனால் முதல் மொட்டை போட்டிருப்பார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. போட்டோ கேட்டு மடக்கலாமா?
- ஒரு வாசகர், கன்னங்குறிச்சி

பதில்: வேண்டாம். திருமணிமுத்தாறு வீட்டுக்குள் வந்த வருடம் ஆல்பத்தோடு போயிருக்கும். அதற்குப் பதிலாக, இப்போது உயிரோடு இருக்கும் நடிகர் யாரையாவது தெரியுமா என்று கேளுங்கள். சட்டென்று மாம்பழ விலைக்குப் போய்விடுவார். தெரியும் என்று சொன்னால் "எங்கே, ஒரு போன் போடுங்க" என்பீர்களே!

கேள்வி: சரி, உங்களுக்கு எந்த நட்சத்திரம் பழக்கம்?
- ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: எனக்கு யாருமில்லை அம்மா. என் தாத்தாவுக்கு உண்டு. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் வந்ததே, அதில் திருடர்கள் ஏறிவந்த குதிரைகளுக்குத் தாம்தான் புல்லுக்கட்டு போட்டதாகச் சொல்வார். இதை நான் நம்புகிறேன். பொய் சொல்கிற மனிதராக இருந்தால் எம்.ஜி.ஆருக்கே சோறு போட்டேன் என்றிருப்பார். தவிர, மறுத்துப் பேச ஒரு குதிரைகூட இன்று இல்லை.