ரைசர் போடலாமா? தர்மபுரி, கிருஷ்ணகிரி ரைடர்களின் கேள்விகளுக்குப் பதில்

தர்மபுரியில் டூவீலர் பட்டறை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களின் வண்டிகள்தான் என்னிடம் அதிகம் வரும். ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசர் பற்றித் தினமும் யாராவது கேட்கிறார்கள். அதனால் இந்த வாரம் கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். நிறைய வந்துவிட்டன. எனக்குத் தெரிந்ததற்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன்.

பாலக்கோடு, ஹிமாலயன் 411: அண்ணா, நான் ஐந்தடி பதினொரு அங்குலம். ஒரு மணி நேரம் ஓட்டினால் தோள்பட்டைக்கு நடுவில் வலிக்கிறது. அஞ்செட்டி பக்கம் மண்பாதையில் நின்று ஓட்டும்போது ரொம்பக் குனிய வேண்டியிருக்கிறது. எத்தனை மி.மீ. ரைசர் வாங்கலாம்?

நின்று ஓட்டும்போதும் குனிகிறீர்கள் என்று சேர்த்து எழுதினீர்களே தம்பி, அது முக்கியமான விவரம். உட்கார்ந்தால் மட்டும் வலி என்றால் முதலில் சீட்டைத்தான் பார்ப்பேன். நிற்கும்போதும் குனிகிறீர்கள் என்றால் உங்கள் உயரத்துக்கு ஹேண்டில் நிஜமாகவே தாழ்வு. உங்களுக்கு ரைசர் உதவும்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டேங்க் மேல் கெட்டித் துணி போடுங்கள். மேல் கிளாம்பைக் கழற்றி, ஹேண்டில்பாருக்கு அடியில் 20 மி.மீ. மரக்கட்டை வைத்து நண்பரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இடது பக்கம் கடைசி வரை, வலது பக்கம் கடைசி வரை திருப்புங்கள். கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், முன் பிரேக் ஹோஸ், சுவிட்சுக்குப் போகும் ஒயரிங் இந்த நான்கில் எது முதலில் விறைக்கிறது என்று பாருங்கள். பிறகு 30 மி.மீ. கட்டை வைத்து அதையே செய்யுங்கள். எந்தக் கட்டையில் விறைக்கிறதோ, அதற்குக் கீழேதான் உங்கள் அளவு. எத்தனை மி.மீ. என்பதை முதலில் முடிவு செய்வது உங்கள் உயரம் இல்லை, வண்டியின் கேபிள்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ரைசர் நேராக மேலே தூக்குவதில்லை. முன் ஃபோர்க் சாய்ந்திருக்கிறது இல்லையா, அந்தச் சாய்விலேயே ரைசரும் நிற்கும். சாய்வு 25 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 30 மி.மீ. ரைசர் ஹேண்டிலை சுமார் 27 மி.மீ. மேலேயும் 13 மி.மீ. பின்னாலும் கொண்டுவரும். அந்த 13 மி.மீ.தான் பல பேருடைய தோள் வலியைக் குறைக்கிறது.

போட்ட பிறகு எஞ்சினை ஐடிலில் விட்டு மறுபடியும் இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் கொஞ்சம்கூட ஏறக்கூடாது. இதை நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் என் சொந்த வண்டிக்கு நானே உயரமான ரைசர் போட்டேன், கேபிளைச் சரிபார்க்கவில்லை. வத்தல்மலை கொண்டை ஊசி வளைவில் இடது பக்கம் முழுதாகத் திருப்பியபோது கேபிள் இழுபட்டு எஞ்சின் தானாக வேகம் எடுத்தது. கிளட்சைப் பிடித்ததால் தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன். பின்னால் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அந்த நாளை நான் மறக்கவில்லை.

ஓசூர், கேடிஎம் 390 அட்வென்ச்சர்: 50 மி.மீ. போட்டால் இன்னும் வசதியாக இருக்குமா?

வேண்டாம். அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்தால் பள்ளத்தின் அடி நேராக முதுகுத்தண்டில் ஏறும். இடுப்பிலிருந்து லேசாக முன்னால் சாய்ந்திருந்தால்தான் உடம்பு அதை வாங்கிக்கொள்ளும். என்.எச். 44-ல் நூறில் போகும்போது நெஞ்சு முழுக்கக் காற்று வாங்கி, ஹேண்டிலைப் பிடித்துத் தொங்குவதுபோல் ஆகிவிடும். முன் சக்கரமும் எடையில்லாததுபோல் தோன்றும். உங்கள் வண்டியில் ஆக்ஸிலேட்டர் கேபிள் கிடையாது, எலக்ட்ரானிக் த்ராட்டில். அதற்காக முழு லாக் சோதனையை, அதாவது ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். ஒயரிங்கும் ஹோஸும் இருக்கின்றன.

கிருஷ்ணகிரி, டோமினார் 400: அண்ணா, நான் ஐந்தடி இரண்டு அங்குலம். ஹேண்டில் எனக்கு உயரமாகத் தெரியவில்லை, தூரமாக இருக்கிறது. வளைவில் வெளிப்பக்கக் கை எட்டாமல் உடம்பே திரும்புகிறது. ரைசர் சரியாக வருமா?

அருமையாகக் கவனித்திருக்கிறீர்கள் தங்கச்சி. உங்களுக்குத் தேவை உயரம் இல்லை, பின்னிழுப்பு. ஹேண்டிலைப் பின்பக்கம் தள்ளி வைக்கும் ரைசர் தனியாகக் கிடைக்கிறது. உயரம் குறைவாகவும் பின்னிழுப்பு 20, 25 மி.மீ. இருப்பதாகவும் தேடுங்கள்.

அதற்கு முன் செலவில்லாத வழி ஒன்று. கிளாம்ப் போல்ட்களைத் தளர்த்தி ஹேண்டில்பாரை உங்கள் பக்கம் கொஞ்சமே கொஞ்சம் உருட்டிப் பாருங்கள். நிறையப் பேருக்கு அதுவே போதும். ஹேண்டிலை உருட்டினால் பிரேக், கிளட்ச் லிவரையும் அதற்குத் தகுந்தபடி திருப்ப வேண்டும். முன்கையும் புறங்கையும் விரலும் ஒரே கோட்டில் வரும்படி லிவர் இருக்கட்டும். பிரேக் ஆயில் டப்பா மட்டமாக நிற்கிறதா என்றும் பாருங்கள். ரொம்பச் சாய்ந்தால் ஆயில் குறையும்போது உள்ளே காற்றுப் போகும்.

பின்னிழுப்பில் ஒரு ஆபத்து உண்டு. முழு லாக்கில் கட்டைவிரல் கிரிப்புக்கும் டேங்குக்கும் நடுவில் மாட்டக்கூடாது. கையுறை போட்டுக்கொண்டு சோதியுங்கள்.

ஊத்தங்கரை, ஹிமாலயன் 450: எத்தனை மி.மீ. போடலாம்?

பாலக்கோட்டுத் தம்பிக்குச் சொன்ன மரக்கட்டைச் சோதனைதான்.

ஓசூர்: சார், நான் சிஎன்சி பட்டறை வைத்திருக்கிறேன். லேத்தில் கடைந்த ரைசர் வாங்காதே என்று போன மாதம் நீங்கள் ஒருவரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கார் கம்பெனிக்கே நாங்கள் பாகம் செய்து தருகிறோம். பிராண்டு பெயர் அச்சடித்தால்தான் நல்ல பொருளா?

சொன்னது உண்மை. ஒருவர் கொண்டுவந்த ரைசரைப் பார்த்துத்தான் சொன்னேன். பழைய அலுமினியத்தை உருக்கி ஊற்றிக் கடைந்த துண்டு அது. உள்ளே பொத்தல் பொத்தலாக இருந்தது. உங்கள் பட்டறையைச் சொல்லவில்லை. நீங்கள் எதில் செய்கிறீர்கள்?

6061-டி6 என்ற தர அலுமினிய ராடு, ஆலை தரும் மில் சர்டிபிகேட்டோடு வாங்குகிறேன்.

அப்படியானால் பொருள் சரி, உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் பொருள் மட்டும் போதாது. ஹேண்டில்பார் உட்காரும் துளையின் அளவு என்ன?

22.5 வைத்திருக்கிறேன். மாட்ட லேசாக இருக்கும்.

அங்கேதான் சிக்கல். 22 என்று நாம் வாயால் சொல்லும் ஹேண்டில்பார் நிஜத்தில் 7/8 அங்குலம், அதாவது 22.2 மி.மீ. துளை 22.5 இருந்தால் முழு வட்டமும் பிடிக்காது, ஒரு கோட்டில்தான் பிடிக்கும். தொப்பூர் இறக்கத்தில் முன் பிரேக்கை அழுத்தும்போது உடம்பு எடை முழுக்கக் கையில் இறங்கும். அப்போது ஹேண்டில் முன்னால் உருண்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் தடித்த ஹேண்டில்பாருக்கும் இதே கதைதான், அது 28.6.

புரிகிறது. ஆனால் பிராண்டு ரைசரிலும் ஸ்டெயின்லெஸ் போல்ட் கொடுக்கிறார்களே, நான் 12.9 தர ஸ்டீல் போல்ட் கொடுக்கிறேன். அது பலம்தானே?

பலம்தான். ஸ்டெயின்லெஸில் சாதாரணமாக வரும் ஏ2-70 போல்ட் இழுவிசையில் 8.8 தர ஸ்டீல் போல்ட்டை விடக் குறைவு, அதை நானும் மாற்றித்தான் போடுகிறேன். ஆனால் கறுப்பு 12.9 மழையில் துருப்பிடிக்கும், அடி வாங்கினால் வளைந்து எச்சரிக்காமல் முறியவும் கூடும். துத்தநாகம் பூசிய 8.8 அல்லது 10.9 எனக்குத் திருப்தி. போல்ட்டின் தரத்தைவிட, மரை எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதுதான் எனக்குக் கவலை. அலுமினியத்தில் எம்8, அதாவது 8 மி.மீ. போல்ட் குறைந்தது 12 மி.மீ. மரை பிடிக்க வேண்டும். நான் பார்த்த பல லோக்கல் ரைசர்களில் 6, 7 மி.மீ.தான் பிடிக்கிறது. இரண்டு முறை கழற்றி மாட்டினால் மரை உருவிக்கொண்டு வந்துவிடும்.

கடைசியாக ஒன்று. போல்ட் தலை உட்காரும் குழியின் அடி மூலை கூர்மையாக இருக்கக்கூடாது. விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். சின்ன வளைவு கொடுங்கள். இந்த மூன்றையும் சரி செய்து ஒரு ஜோடி அனுப்புங்கள். என் வண்டியில் போட்டு ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன். ஓசூரில் செய்த நல்ல ரைசர் நம் ஆட்களுக்குக் கிடைத்தால் எனக்குத்தான் முதல் சந்தோஷம்.

காரிமங்கலம்: இரண்டு ரைசரை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கலாமா? இல்லையென்றால் பைப் வைத்து வெல்டிங்?

இரண்டும் கூடாது. உயரம் இரட்டிப்பானால், அதே விசைக்கு அடிப்போல்ட்டில் விழும் வளைவுச் சுமையும் இரட்டிப்பாகும். ரப்பர் புஷ் மேல் ஹேண்டில் நிற்கும் வண்டி என்றால் ஆட்டமும் பெரிதாகும். வெல்டிங் செய்தது என்றால் என் பட்டறையில் அந்த வண்டியைத் தொட மாட்டேன்.

அரூர்: சேலம் போய் வந்தால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. ரைசர் போட்டால் சரியாகுமா?

அந்த இரண்டு விரலுக்கும் போகும் நரம்பு உள்ளங்கையின் வெளி ஓரத்தில் அழுந்துகிறது. எடை முழுவதையும் கையில் ஊன்றி ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கிரிப்பை இறுக்கிப் பிடிக்காமல், தொடையால் டேங்கைப் பிடித்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் மரத்துப்போவது நீடித்தால் டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். அதுவரை ரைசருக்குக் காசு போட வேண்டாம்.

போச்சம்பள்ளி: போலீஸ் பிடிக்குமா?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க முடியும். வண்டி கம்பெனியின் சொந்த ஆக்சஸரியாகவே ரைசர் கிடைத்தால் அதையே வாங்கி, பில்லைப் பத்திரமாக வையுங்கள். இன்சூரன்ஸ்காரருக்கும் எழுதித் தெரிவித்துவிடுங்கள். இதற்கு மேல் வக்கீலிடம் கேளுங்கள்.

பர்கூர்: அண்ணா, மண்பாதைக்கு எந்த டயர் நல்லது?

அது தனிப் பேச்சு தம்பி. நேரில் வாருங்கள்.

பென்னாகரம்: ஹிமாலயனுக்கு எத்தனை மி.மீ.?

மூன்றாவது முறையாக இதே கேள்வி. ஒரு எண்ணை நான் சொல்ல, நீங்கள் அதை நம்பி வாங்கி, ஒகேனக்கல் வளைவில் கேபிள் இழுத்தால் அந்தப் பழி என்னைச் சேரும். கட்டை வைத்து முழு லாக் திருப்பிப் பாருங்கள். தயவுசெய்து பாலக்கோட்டுத் தம்பிக்கான பதிலை முழுசாகப் படியுங்கள்.

காவேரிப்பட்டணம்: போல்ட் எவ்வளவு இறுக்கணும்? நான் கை பலத்தில்தான் இறுக்குவேன்.

கை பலம் ஆளுக்கு ஆள் மாறும். டார்க் ரென்ச் வாங்குங்கள், இல்லையென்றால் இருக்கிற பட்டறைக்குப் போங்கள். எம்8 கிளாம்ப் போல்ட்டுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டி மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. சில வண்டிகளில் கிளாம்பின் முன் போல்ட்டை முழுதாக இறுக்கிய பிறகுதான் பின் போல்ட். சிலவற்றில் முன்னும் பின்னும் ஒரே இடைவெளி வர வேண்டும். அதையும் மேனுவலில் பாருங்கள். நீல நிற மரைப் பசை ஒரு சொட்டு போதும். 500 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

மத்தூர்: கேபிள் எல்லாம் சரியாக இருக்கிறது, பிரேக் ஹோஸ் மட்டும் விறைக்கிறது. கொஞ்சம்தான், ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். முதலில் ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப்பைக் கழற்றி வேறு வழியில் விட்டுப் பாருங்கள், பல நேரம் அங்கேயே தேவையான நீளம் கிடைத்துவிடும். கிடைக்கவில்லை என்றால் நீளமான ஹோஸ் மாற்றுங்கள். மாற்றும்போது இரண்டு முனையிலும் செம்பு வாஷர் புதிதாகப் போட்டு, காற்று இல்லாமல் பிளீட் செய்ய வேண்டும். ஏபிஎஸ் வண்டியில் அதைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

சூளகிரி: அண்ணா, மரக்கட்டை வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தனியாகத்தான் இருக்கிறேன். எத்தனை மி.மீ. என்று நீங்களே...

தனியாகச் செய்யாதீர்கள், ஹேண்டில் டேங்கில் விழும். வரும் ஞாயிறு காலை பட்டறையில் 10, 20, 25, 30 மி.மீ. கட்டைகள் வெட்டி வைத்திருப்பேன். வண்டியோடு வாருங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன், நீங்களே திருப்பிப் பாருங்கள். ஊத்தங்கரை, பென்னாகரம் நண்பர்களும் வரலாம்.