கொழும்புக் கேள்விகள்: புறக்கோட்டை முதல் வெள்ளவத்தை வரை

கொழும்பில் வாங்குவது, சாப்பிடுவது, பொழுதுபோக்குவது பற்றித் திருகோணமலை மாவட்ட வாசகர்கள் கேட்டவை இந்த இதழில்.

மகளுக்குக் கலியாணம். இரவு ரயிலில் போய் அடுத்த இரவே திரும்பும்படி சேலை, நகை, சாமான் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி முடிக்கலாமா?
*வாசகி, உவர்மலை*

நகையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் முடியும். தாலிக்கொடியை எப்படியும் ஊரில் நல்லநாள் பார்த்துப் பொன்னுருக்கித்தான் செய்யப்போகிறீர்கள். நம்பிக்கையான பத்தர் இங்கேயே இருக்கும்போது, அதற்காகக் கொழும்பில் அரைநாளைச் செலவழிப்பது வீண். காப்பு, சங்கிலி போன்ற ஆயத்த நகைக்கு இன்னொரு நாள் போகலாம்.

முதலில் நாளைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டையின் மொத்தக் கடைகளில் பெரும்பாலானவை பூட்டு, நடைபாதை வியாபாரம்தான் நடக்கும். போயா (பௌர்ணமி விடுமுறை) தினமும் அப்படியே. வெள்ளி மத்தியானம் ஜும்ஆவுக்காகப் பல கடைகள் மூடித் திறக்கும். சனிக்கிழமை தோளோடு தோள் இடிபடும். செவ்வாய் முதல் வியாழன் வரைதான் நல்லது. திரும்பும் ரயிலுக்கு ஆசனத்தை முதலே பதிந்துவிட்டுப் போங்கள்.

விடியுமுன் கோட்டையில் இறங்கிவிடுவீர்கள், கடை திறக்க ஒன்பது, ஒன்பதரை ஆகும். உடுப்புப் பையை நிலையத்தின் பொதி வைக்கும் அறையில் கொடுத்துவிட்டுக் காலைச் சாப்பாட்டை முடியுங்கள். ஒல்கொட் மாவத்தையைக் கடந்தால் முதலாம் குறுக்குத்தெரு. அங்கிருந்து இரண்டாம், மூன்றாம், நான்காம் குறுக்குத்தெருக்கள் வரிசையாக வரும். இவற்றை வெட்டிப் போவது பிரதான வீதி. உறவுக்காரருக்குக் கொடுக்கும் சேலை, வேட்டி, துவாய் எல்லாவற்றையும் இரண்டாம் குறுக்குத்தெரு, பிரதான வீதி, கெய்சர் வீதிப் பக்கம் பாருங்கள். சில கடைகள் ஆறு, பன்னிரண்டு என்றுதான் கொடுக்கும், ஒன்றைக் கேட்டால் விலை ஏறும். அதனால் யாருக்கு என்ன என்பதை எழுதிக்கொண்டு, ஒரே கடையில் மொத்தமாகக் கேட்டுப் பேரம் பேசுங்கள். கட்டு அவிழ்க்காத சேலையை வாங்கவேண்டாம். மடிப்புக்குள் நூல் இழுப்பும் எண்ணெய்க் கறையும் இருப்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரியவரும்.

கூறைச் சேலையை மட்டும் புறக்கோட்டை நெரிசலில் எடுக்காதீர்கள். 100 அல்லது 101 இலக்க பஸ்ஸில் ஏறினால் காலி வீதி வழியே வெள்ளவத்தை. கோட்டையிலிருந்து கரையோர ரயிலிலும் போகலாம். அங்கே உட்காரவைத்து விரித்துக் காட்டுவார்கள். பிடித்த சேலையைக் கடைவாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள், கடை விளக்கில் அரக்குச் சிவப்பும் குங்குமச் சிவப்பும் ஒன்றுபோலத் தெரியும். அசல் பட்டா என்று பார்க்க, முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழை கேட்டு வாங்கிக் கொளுத்துங்கள். மயிர் கருகும் மணம் வந்து, சாம்பல் விரலில் பொடியானால் பட்டு. உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டால் செயற்கை நூல். சரிகையைச் சுரண்டினால், அசலில் உள்ளே சிவப்புப் பட்டிழை இருக்கும். சேலை ஐந்தரை மீற்றர், ரவிக்கைத் துண்டு அதற்கு மேல். அளந்து காட்டச் சொல்லுங்கள். மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். 260 கிலோமீற்றர் திரும்பப் போய் வாய்ப்பேச்சை நம்பி வாதாட முடியாது.

செட்டியார் தெருவில் நகை வாங்கினால் பில்லில் எதைப் பார்க்க வேண்டும்?
*வாசகர், பாலையூற்று*

தங்க நிறை, அன்றைய கிராம் விலை, சேதாரம், செய்கூலி என்ற நான்கும் தனித்தனி வரியில் இருக்கவேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகை எழுதித் தந்தால் வாங்காதீர்கள். ஒரு பவுன் 8 கிராம், 22 கரட்டில் 91.6 சதவீதம் தங்கம். கல்லு வைத்த நகையில் மொத்த நிறை வேறு, தங்க நிறை வேறு. மொத்தம் 24 கிராம், கல்லு 2 கிராம் என்றால் 22 கிராமுக்குத்தான் தங்க விலை. அதற்கு 8 சதவீதம் சேதாரம் என்றால் இன்னும் 1.76 கிராமுக்குக் காசு கொடுக்கிறீர்கள். பின்னொரு நாள் விற்கும்போது கல்லும் சேதாரமும் செய்கூலியும் திரும்பி வராது. அவசரத்துக்கு விற்கவோ அடகு வைக்கவோ வேண்டிவரும் என்று நினைப்பவர்கள் கல்லில்லாத, வேலைப்பாடு குறைந்த நகையாக எடுப்பதுதான் புத்தி.

நகையை எப்போதும் கடைசியாக வாங்குங்கள். வாங்கியதும் கடைவாசலில் இருந்தே ஆட்டோவில் ஏறிவிடுங்கள், பையோடு குறுக்குத்தெருக்களில் சுற்றவேண்டாம்.

முதலாம் குறுக்குத்தெருவில் கைத்தொலைபேசி மலிவு என்கிறார்கள். நம்பலாமா?
*வாசகர், கிண்ணியா*

மலிவுதான், சோதித்துப் பார்த்தபிறகு காசு கொடுங்கள். தொலைபேசியில் \*#06# அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். IMEI என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்ததா என்று பதில் வரும். பெட்டியில் உள்ள எண்ணும் திரையில் வரும் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். வேறுபட்டால் பெட்டி மாறியிருக்கிறது. உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் திகதியும் இல்லாவிட்டால் அது வெறும் கடதாசி. பொதியில் அச்சிட்ட உச்ச சில்லறை விலைக்கு மேல் எந்தச் சாமானையும் யாராவது விற்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழைத்துச் சொல்லலாம்.

நாங்கள் சுத்த சைவம். கொழும்பில் எங்கே பயமில்லாமல் சாப்பிடுவது?
*வாசகி, சாம்பல்தீவு*

செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தைக் காலி வீதியிலும் சைவக் கடைகளுக்குக் குறைவில்லை. காலையில் இட்டலி, தோசை, பொங்கல், மத்தியானம் சோறு. வடைத்தட்டை மேசையில் கொண்டுவந்து வைத்தால் முழுத்தட்டுக்கும் காசு என்று பயப்படவேண்டாம், சாப்பிட்டதை மட்டும் எண்ணுவார்கள். ஆனால் அந்தத் தட்டு உங்களுக்கு முன் எத்தனை மேசைக்குப் போய்வந்ததோ! சூடாகப் போட்டுத் தரச்சொல்லிக் கேளுங்கள், தருவார்கள்.

கவனிக்கவேண்டியது கொத்து ரொட்டியில். மரக்கறிக் கொத்து என்று பலகையில் எழுதியிருந்தாலும், இறைச்சிக் கொத்துப் போடும் அதே கல்லில் அதே தகட்டால்தான் பல கடைகளில் கொத்துகிறார்கள். ரொட்டிக்கு ஊற்றும் குழம்பும் சிலவேளை இறைச்சிக் குழம்புதான். சைவக் கடையில் மட்டும் கொத்து கேளுங்கள், இல்லாவிட்டால் இடியப்பமும் சொதியும் போதும். குளிரூட்டிய உணவகங்களில் பட்டியலில் உள்ள விலையோடு 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 18 சதவீத வற் வரியும் சேரக்கூடும். ஓடர் கொடுக்குமுன் கேட்பதில் வெட்கமில்லை.

இரவில் நல்ல முஸ்லிம் சாப்பாட்டுக்கு?
*வாசகர், மூதூர்*

கொம்பனித்தெரு. மலாய்க் குடும்பங்களின் கைப்பக்குவம் அங்கே இன்னும் இருக்கிறது. பிட்டும் பாபத்தும் (குடற்கறி) கேட்டுப் பாருங்கள், பிறகு வட்டிலப்பம். புறக்கோட்டை, மருதானைப் பக்கம் புரியாணிக்குக் குறைவில்லை. புரியாணியை மத்தியானமே சாப்பிடுவது நல்லது, மாலையில் கிடைப்பது சட்டியின் அடியில் காய்ந்தது.

சின்னப் பிள்ளைகளோடு போகிறோம். மாலையில் எங்கே கூட்டிப்போகலாம்?
*வாசகி, நிலாவெளி*

காலிமுகத்திடல். பட்டம் விடலாம், இறால் வடை தின்னலாம். முன்பே பொரித்து அடுக்கியிருப்பதை எடுக்காமல், கண்முன் பொரித்ததை வாங்குங்கள். எண்ணெய் கறுத்திருந்தால் அடுத்த வண்டிக்கு நகருங்கள். கடலில் மட்டும் இறக்கவேண்டாம். நம் கடல் குளமாய்க் கிடக்கும் மே முதல் செப்டெம்பர் வரைதான் அங்கே தென்மேல் பருவக்காற்றில் அலை அடித்து நொறுக்கும். நிலாவெளிப் பிள்ளைகளுக்குக் கடல்பயம் கிடையாது என்பதால் இதைச் சொல்கிறோம்.

சுமார் 350 மீற்றர் உயரமான தாமரைக் கோபுரத்துக்கு வானம் தெளிந்த நாளில் போங்கள், மழைநாளில் மேலே நின்றால் வெள்ளை மட்டும்தான். பெரிய தமிழ்ப் படம் வந்திருந்தால் வெள்ளவத்தை சவோய் திரையரங்கில் பாருங்கள். புத்தகம் வேண்டுவோருக்குச் செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் பூபாலசிங்கம் புத்தகசாலை இருக்கிறது. வாசிக்க மட்டும் என்றால் வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம்.

போயா நாளில் மதுபானம் கிடைக்குமா?
*வாசகர், அன்புவழிபுரம்*

கிடையாது. இறைச்சியும் விற்கமாட்டார்கள். மற்ற நாட்களிலும் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது குற்றம்.

தம்பி குடும்பம் தெஹிவளையில் இருக்கிறது. இங்கிருந்து என்ன கொண்டுபோவது?
*வாசகி, தம்பலகாமம்*

தம்பலகாமத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? எருமைத் தயிர்தான். அன்று காலை உறைந்த சட்டியாக எடுங்கள். முதல்நாள் தயிர் ரயில் வெக்கையில் புளித்து, கோட்டை போய்ச் சேரும்போது நீர் பிரிந்துவிடும். சட்டிவாயைக் கடதாசியால் மூடி நூலால் இறுக்கி, சட்டிகளுக்கு இடையே வைக்கோலோ பழைய துணியோ அடைத்து, அட்டைப்பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். மேல் தட்டில் ஏற்றாமல் காலடியில் வைத்தால் குலுக்கல் குறையும்.

அடுத்தது கருவாடு. நான்காம் குறுக்குத்தெருவில் மலைபோலக் குவிந்திருந்தாலும் திருகோணமலையார் அங்கே கருவாடு வாங்குவது அழகில்லை. கட்டா, பாரை, நெத்தலி எதுவானாலும் கையில் ஒட்டாமல் காய்ந்திருக்கவேண்டும். சதையில் இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் ஈரம் போகாமல் உப்பில் வளரும் கிருமி பிடித்துவிட்டது என்று அர்த்தம், கழுவினாலும் சரிவராது. முதலில் கடதாசியில் சுற்றி, அதன்மேல் இரண்டு பொலித்தீன் பை போட்டுக் கட்டுங்கள். நேரே பொலித்தீனில் போட்டால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். தெஹிவளை போனதும் பையை அவிழ்த்து ஒரு மணித்தியாலம் வெயிலில் போடச் சொல்லுங்கள், மாடிவீட்டு அயலார் என்ன சொன்னாலும்.