ராணுவத்தைப் பற்றி நம் நாடாளுமன்றம் உண்மையிலேயே கேள்வி கேட்கிறதா?

கேட்கிறது. ஆனால் கேள்வி கேட்பது ஒரு அறையில், பணத்துக்குக் கை தூக்குவது இன்னொரு அறையில். முதல் அறையில் பேசியது இரண்டாவது அறைக்குப் போய்ச் சேருவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

நான் திருவெறும்பூர்க்காரன். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் துப்பாக்கித் தொழிற்சாலையிலோ, ஹெச்ஏபிபி என்கிற இன்னொரு படைக்கலத் தொழிற்சாலையிலோ வேலை பார்த்தவராக இருப்பார். அம்மா ஊர் தஞ்சாவூருக்குப் பக்கம். 2020 ஜனவரியில் தஞ்சை விமானப்படைத் தளத்தில் சுகோய் அணியை நிறுத்தியதிலிருந்து, நடவு நடக்கும்போது தலைக்கு மேல் விமானம் போவது அங்கே சாதாரணம். அதனால் இது எங்களுக்கு எங்கோ டெல்லியில் நடக்கிற சங்கதி இல்லை.

பாதுகாப்புத் துறைக்கென்று நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று 1993லிருந்து இருக்கிறது. மக்களவையில் 21 பேர், மாநிலங்களவையில் 10 பேர், ஆக 31 உறுப்பினர்கள். பட்ஜெட் வந்ததும் துறைச் செயலரையும் முப்படை அதிகாரிகளையும் கூப்பிட்டு உட்காரவைத்து, கேட்ட பணம் எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு, என்ன வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். டிவி கேமரா கிடையாது, அதனாலேயே கட்சிச் சண்டையும் குறைவு. அதிகாரிகளும் மனம் விட்டுப் பேசுகிறார்கள்.

எவ்வளவு மனம் விட்டு என்பதற்கு 2018ஐப் பாருங்கள். தரைப்படையின் துணைத் தளபதி அந்தக் குழுவிடம் வந்து, எங்களிடம் இருக்கும் தளவாடங்களில் 68 சதவீதம் பழசு, அதிநவீனம் என்று சொல்லக்கூடியது 8 சதவீதம்தான் என்றார். நவீனமயமாக்க ஒதுக்கிய 21,338 கோடி, ஏற்கெனவே கையெழுத்தான 125 திட்டங்களுக்குத் தரவேண்டிய 29,033 கோடிக்கே போதாது என்றும் சொன்னார். சொன்னது எதிர்க்கட்சி இல்லை, சீருடையில் இருக்கிற ஜெனரல்! குழுவுக்குத் தலைவர் பி.சி.கந்தூரி, அவரும் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல், ஆளுங்கட்சி எம்.பி. அந்த அறிக்கை அவையில் வைக்கப்பட்டது மார்ச் 13. மறுநாள் மார்ச் 14, அவை அமளியில் இருக்க, எல்லாத் துறைகளின் மானியக் கோரிக்கைகளையும், அதாவது அவை செலவுக்குக் கேட்ட பணத்தையும், மக்களவை விவாதமே இல்லாமல் ஒரேயடியாக நிறைவேற்றிவிட்டது. இதற்குப் பெயர் கில்லட்டின். பாதுகாப்புத் துறையின் பணமும் அதற்குள்தான் போனது. ஜெனரல் சொன்னதை ஒரு எம்.பி.கூட அவையில் எழுந்து கேட்க வாய்ப்பில்லை. அந்த செப்டம்பரில் குழுவை மாற்றி அமைத்தபோது கந்தூரி தலைவராக இல்லை.

எங்கள் ஊருக்கு இது 2021ல் வந்தது. நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்போவதாக அரசு அறிவித்தது, தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் என்றன. உடனே வேலைநிறுத்தத்தைத் தடுக்க ஒரு அவசரச் சட்டம், ஆகஸ்டில் அதற்கான மசோதா. நிலைக்குழுவுக்கு அனுப்பவில்லை, பெகாசஸ் உளவு மென்பொருள் விவகார அமளிக்கு நடுவே முறையான விவாதம் இல்லாமல் ஆகஸ்ட் 3 அன்று மக்களவையில் நிறைவேறியது. பிரித்தது சரியா தப்பா என்பதில் எங்கள் தெருவிலேயே இரண்டு கருத்து உண்டு. ஆனால் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் சம்பந்தப்பட்ட விஷயம், அதில் நல்லது கெட்டதைப் பத்து நாள் ஒரு குழுவில் வைத்துப் பேசியிருக்கக்கூடாதா? அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ராணுவ ரகசியம் என்று சிலர் பதில் சொல்வார்கள். குழு கூடுவதே மூடிய கதவுக்குள்தான், வெளியே போகக்கூடாத எண்களை அச்சில் நட்சத்திரக் குறி போட்டு மறைத்துத்தான் அறிக்கை விடுகிறார்கள். பிறகென்ன? வெடிமருந்து கையிருப்பில் 40 சதவீத வகைகள் பத்து நாள் போருக்குக்கூடத் தாங்காது என்று 2017ல் அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை வெளிப்படையாகவே எழுதியது. அதனால் நாடு ஒன்றும் கெட்டுவிடவில்லை.

தனி ஆளாகக்கூட எம்.பி. ஒருவரால் செய்ய முடிகிற வேலையும் இருக்கிறது. போபர்ஸ் பீரங்கி பேரத்தின் லஞ்சப் புகாரை விசாரித்த நாடாளுமன்றக் கூட்டுக்குழுவை எதிர்க்கட்சிகள் பெரும்பாலும் புறக்கணித்தன, அறிக்கையும் அரசுக்குச் சாதகமாகவே 1988ல் வந்தது. அதில் மறுப்புக் குறிப்பு எழுதியவர் அதிமுக உறுப்பினர் ஆலடி அருணா. எனக்கு அந்தக் கட்சி மேல் தனிப் பிரியம் எதுவும் கிடையாது, ஆனால் அந்தக் குறிப்பை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

சரி, நீங்களும் நானும் என்ன செய்யலாம்? குழு அறிக்கைகள் நாடாளுமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுசாகப் படிக்க நேரமில்லையென்றால், 'எடுத்த நடவடிக்கை' அறிக்கை என்று தனியாக ஒன்று வரும், அதை எடுங்கள். அதில் நான்காம் அத்தியாயத்தில், அரசு சொன்ன எந்தெந்தப் பதிலைக் குழு ஏற்கவில்லை என்று வரிசையாக இருக்கும். அதிலிருந்து ஒரே ஒரு கேள்வியைக் காப்பி எடுத்து, இதை அவையில் கேட்டீர்களா என்று உங்கள் தொகுதி எம்.பி.க்கு அனுப்புங்கள். தஞ்சாவூர், திருச்சி, நாகப்பட்டினம், மயிலாடுதுறை, எந்தத் தொகுதியானாலும் சரி. நான் இதுவரை இரண்டு முறை அனுப்பியிருக்கிறேன், ஒன்றுக்குப் பதில் வந்தது.