விளையாட்டு கேள்வி–பதில்: விலகும் வேளை

கேள்வி: திங்கள் அதிகாலை ஐந்து மணிக்கு மகனோடு அமர்ந்து அமெரிக்கக் கால்பந்தின் இறுதியாட்டமான சூப்பர் பவுல் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. பெய்ட்டன் மேனிங் 2016-இல் கோப்பையை வென்று உச்சத்தில் விலகினார். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் மற்ற குவாட்டர்பேக்குகளும், நம் தோனியும், ஏன் அப்படிச் செய்வதில்லை?
– பனியன் கம்பெனி நடத்தும் வாசகர், திருப்பூர்

பதில்: கோப்பையோடு விலகினார் என்பது சரி; உச்சத்தில் விலகினார் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்தப் பருவத்தில் 2015 நவம்பர் 15 அன்று நடந்த ஆட்டத்தைப் பாருங்கள். டென்வர் அணிக்காகக் கன்சாஸ் சிட்டியை எதிர்த்து ஆடிய மேனிங், லீக் வரலாற்றில் மிக அதிக யார்டுகள் எறிந்தவர் என்ற சாதனையை முன்னாள் குவாட்டர்பேக் பிரெட் ஃபாவ்ரிடமிருந்து அன்றுதான் கைப்பற்றினார். அதே ஆட்டத்தில் அவர் எறிந்த 20 பந்துகளில் 5 மட்டுமே தம் அணியினரிடம் சேர்ந்தன; 4 எதிரணியின் கையில் சிக்கின; மூன்றாம் கால்பகுதியில் பயிற்சியாளர் அவரை வெளியே உட்கார வைத்துவிட்டார். பாதக் காயத்தோடு பல வாரங்கள் ஆடாமலிருந்த அவருக்கு, அந்தப் பருவத்தின் முறைப்படியான ஆட்டங்களில் கிடைத்தவை 9 டச் டவுன்கள் (புள்ளி தந்த எறிதல்கள்), 17 இன்டர்செப்ஷன்கள் (எதிரணி பிடித்துக்கொண்ட எறிதல்கள்). 2016 பிப்ரவரி 7 இறுதியாட்டத்தை வென்று கொடுத்தது டென்வரின் தடுப்பாட்டம்தான். ஆட்ட நாயகன் விருதும் தடுப்பாட்டக்காரரான வான் மில்லருக்கே போயிற்று. மேனிங் ஒரு மாதம் கழித்து, 39 வயதில், விடைபெற்றார். கோப்பை கையில் இருந்ததால் அந்தப் பருவத்தின் தடுமாற்றங்களை நாம் மறந்துவிட்டோம்.

அதே டென்வரின் ஜான் எல்வேயைச் சொல்லியிருந்தால் மறுபேச்சு இல்லை. 1999 ஜனவரியில் இறுதியாட்டத்தின் நாயகனாகவே தேர்வாகி, அந்த ஆண்டிலேயே, 38 வயதில் அவர் நிறுத்திக்கொண்டார். ஆனால் துணிச்சல் என்று பார்த்தால் நான் இண்டியானாபோலிஸ் அணியின் குவாட்டர்பேக் ஆண்ட்ரூ லக்கைத்தான் சொல்வேன். காயம், வலி, சிகிச்சை, மறுபடியும் காயம் என்ற சுழலில் சலித்துப்போன அவர், 2019 ஆகஸ்ட் 24 அன்று, பருவம் தொடங்க இரண்டு வாரமே இருக்கும்போது, 29 வயதில் விலகினார். செய்தி முன்கூட்டியே கசிந்துவிட்டதால், மைதானத்தை விட்டு நடந்துபோகும்போதே சொந்த அணியின் ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு ஏசினார்கள்.

தோனியை இவர்களோடு ஒப்பிடுவது பொருந்தாது. கிரிக்கெட்டில் படிப்படியாக இறங்க இடமுண்டு: அவர் 2014-இல் டெஸ்ட்டை விட்டார், 2020-இல் சர்வதேச ஆட்டங்களை விட்டார், ஐ.பி.எல்.லை வைத்துக்கொண்டார். குவாட்டர்பேக்குக்கு அப்படிப்பட்ட படிகள் இல்லை. ஒன்று பருவத்துக்கு 17 ஆட்டங்கள், இல்லையென்றால் வீடு.

கேள்வி: ஓய்வு என்று அறிவித்துவிட்டு குவாட்டர்பேக் டாம் பிரேடி நாற்பதே நாளில் திரும்பினாரே, அது விளம்பர உத்தி அல்லவா?
– கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் 2022 பிப்ரவரி 1 அன்று விலகி மார்ச் 13 அன்று திரும்பினார். மார்ச் நடுவில் புதிய ஒப்பந்த ஆண்டு பிறந்து, அணிகள் ஆளையும் பணத்தையும் நிரப்பத் தொடங்கிவிடும் என்பதால், வீரர் தம் முடிவை உடம்பு வலி தீராத நாட்களிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. வலி போனதும் மனம் மாறுகிறது. மாசியில் மஞ்சள் வெட்டி முடித்த களைப்பில் “இனி இந்த வெள்ளாமையே வேண்டாமுங்க” என்றவர் வைகாசியில் விதை மஞ்சள் தேடிக் கிளம்புவதை உங்கள் ஊர்ப் பக்கம் நீங்களும் பார்த்திருப்பீர்கள். திரும்பிவந்த பருவத்தில் பிரேடியின் அணி 8 ஆட்டங்களை வென்று 9-இல் தோற்றது. 2023-இல், அதே பிப்ரவரி 1 அன்று, 45 வயதில் அவர் ஒரேயடியாக முடித்துக்கொண்டார்.

கேள்வி: பணி ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியன் நான், வயது 66. ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னமும் வாலிபால் பழக்குகிறேன். எழுபதைக் கடந்த அமெரிக்கப் பயிற்சியாளர்கள் எதைப் பார்த்து விலகுகிறார்கள்? நான் எப்போது நிறுத்துவது?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வீரருக்கு உடம்பு சொல்லிவிடும், பயிற்சியாளருக்கு அப்படி எதுவும் சொல்வதில்லை. தோல்விதான் சொல்லும் என்றால் அதுவும் முழு உண்மையில்லை. அலபாமா பல்கலைக்கழகக் கால்பந்து அணியோடு 17 பருவங்களில் 6 தேசியப் பட்டங்களை வென்ற நிக் சேபன், 2024 ஜனவரி 10 அன்று, 72 வயதில் விலகியபோது, அவருடைய அணி அப்போதுதான் அரையிறுதி வரை போய் வந்திருந்தது. அணியில் சேர வரும் இளைஞர்களும் வேலைக்கு வரும் உதவியாளர்களும் இன்னும் எத்தனை ஆண்டு இருப்பீர்கள் என்று கேட்கும்போது உறுதி சொல்ல இயலவில்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. மறுநாளே, தொழில்முறை லீக்கின் நியூ இங்கிலாந்து அணியில் 24 பருவங்களில் 6 சூப்பர் பவுல்களை வென்ற பில் பெலிச்சிக்கும் வெளியேறினார். அது ஓய்வன்று, அணியின் உரிமையாளரும் அவரும் பிரிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வட கரோலைனா பல்கலைக்கழக அணியை ஏற்றுக்கொண்டார். அந்த லீக்கின் பழைய பயிற்சியாளர் டான் ஷூலாவின் 347 வெற்றிகள் என்ற சாதனைக்கு அவருக்கு 14 வெற்றிகளே குறைவு; அதை விட்டுவிட்டு, அந்தக் கணக்கில் சேராத கல்லூரி ஆட்டத்துக்குப் போனதுதான் எனக்கு வியப்பு.

சேபனிடம் கேட்கப்பட்ட கேள்வியை உங்கள் மைதானத்தில் வைத்துப் பாருங்கள். இந்த ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்து உங்களிடம் வரும் பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது உங்களுக்கு 73 வயதாகிவிடும். அவனுடைய தந்தை வந்து, “மாஸ்டருங்க, பையன் முடிக்கற வரைக்கும் இருப்பீங்களாங்க?” என்று கேட்டால் தயங்காமல் பதில் வருமென்றால் தொடருங்கள். தயக்கம் வருமென்றால், உங்களிடம் ஆடிப் பழகிய இளைஞர் ஒருவரை இந்த ஆண்டே பக்கத்தில் நிறுத்தி, சிறுவர்களின் காலைப் பயிற்சியை அவரிடம் விட்டுவிட்டு, பெரிய பையன்களை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.